பூச்சி மருந்துக்காரரின் வயிறு

அவர் இருபத்திரண்டு வருடங்களாகப் பூச்சி மருந்து அடித்துவந்தார். அலுவலகம், உணவகச் சமையலறை, அடுக்குமாடி வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சுத்தத்தில் கறார். தன் வீட்டுக் கதவுப்பிடியைக்கூடத் துடைக்காமல் தொடமாட்டார்.

மனைவியின் தம்பி நேர் எதிர். லாரி ஓட்டுநர், கீழே விழுந்த பிஸ்கட்டை ஊதிவிட்டுத் தின்பவன். ஆறு வருடங்களுக்கு முன் அக்காவைப் பார்க்க வந்தபோது, அவன் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு இவர் மருந்தடித்தார்.

"நான் என்ன கரப்பான்பூச்சியா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வருடம் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பல்வலி போய்ப் பேதி வந்தது. வந்தது போகவில்லை. இரண்டு மாதத்தில் பதினோரு கிலோ இளைத்தார். வேறு மாத்திரைகளுக்கு நிற்பதுபோல் நின்று மறுபடி ஆரம்பித்தது. வேலைக்குப் போவது நின்றுபோனது.

பெரிய மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"உங்க குடல்ல கோடிக்கணக்கான கிருமிங்க குடியிருந்துச்சு. கெட்டது எதையும் அண்டவிடாம அதுங்கதான் பாத்துக்கும். நீங்க சாப்பிட்ட மாத்திரை நல்லது கெட்டது பாக்காம கொன்னுடுச்சு. காலி இடத்துல ஒரு கெட்ட கிருமி வந்து உக்காந்துடுச்சு."

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. சிலந்தி, பல்லி எல்லாவற்றையும் சேர்த்து ஒழித்த சமையலறைகளில், ஆறே மாதத்தில் கரப்பான் இரண்டு மடங்காக வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப எனக்குள்ள யாரோ மருந்தடிச்சுட்டாங்க."

"அப்படியும் சொல்லலாம். இப்ப என்னன்னா, ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தைக் கரைச்சு வடிகட்டி, குழாய் வழியா உங்க குடல்ல விடணும். அந்தக் கிருமிங்க அங்க குடியேறிடும்."

அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டரம்மா அதே குரலில் இன்னொரு முறை சொன்னார். வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

மனைவி கொடுக்கத் தயாராக இருந்தாள். ஆனால் போன மாதம் காய்ச்சலுக்கு அவளும் அதே வகை மாத்திரை சாப்பிட்டிருந்ததால் ஆகாது என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவள் தம்பி.

"நான் கேக்க மாட்டேன். செருப்புக்கு மருந்தடிச்சது நீங்க. நீங்களே கேளுங்க," என்றாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தார்.

"சொல்லுங்க மாமா," என்றான் மைத்துனன், நேற்றுத்தான் பேசியவன் போல.

அவர் சொன்னார். அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வேணும்?"

"அம்பது கிராம் போதுமாம்."

"அவ்வளவுதானா?" அவன் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

ரத்தம், மலம் என்று அவனுக்குப் பதினான்கு சோதனைகள் செய்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை. இப்படி ஒரு குடலைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார் டாக்டரம்மா. மைத்துனன் அந்தத் தாளை மூன்று பிரதி எடுத்துக்கொண்டான்.

குழாய் விட்ட நான்காம் நாள் பேதி நின்றது. இரண்டாவது வாரம் பசித்தது. பார்க்க வந்த மைத்துனன் செருப்போடு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"எப்படி மாமா இருக்காங்க எல்லாரும்?"

"நல்லா இருக்காங்க," என்றார் அவர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். மருந்தடிக்கும் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூலை முடுக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார். பல்லியை விட்டுவைக்கலாம் என்று சொல்லி இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறார்.

இன்னொன்று. ஜென்மத்தில் தொடாத பச்சை வெங்காயத்தை இப்போது சாப்பாட்டுக்குச் சாப்பாடு கேட்கிறார். மைத்துனனுக்கு அது உயிர். ருசியெல்லாம் இப்படி மாறிப்போவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வரும் வழியில் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினாள்.