விரல் நுழையும் இடைவெளி

ரொசாந்தா வாயில் நான்கு ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஐந்தாவதை அடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் சுத்தியல். இடது கையில், பிடித்து வைக்க முடியாமல் படபடத்த பிளாஸ்டிக் தாளின் விளிம்பு. விறகுக் கொட்டகையின் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மூன்று பக்கமும் மேலிருந்து கீழ்வரை அப்படித்தான். அக்டோபர் மாதத்து மலைக்காற்று அதற்குள் சீழ்க்கையடித்தபடி புகுந்து, கொட்டகையை ஒட்டிய வீட்டுச் சுவரில் போய் மோதியது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் அவள் கணவன் ராடிசாவின் கட்டில்.

நாற்பது வருடமாக இந்த ஓட்டைகளை அடைக்க அவனுக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தபடி ஆணியை இன்னும் இரண்டு தட்டு தட்டினாள்.

அந்த ஊரில் ஓநாய்க்குப் பயப்படாதவர்கள்கூடக் குறுக்குக் காற்றுக்குப் பயப்படுவார்கள். கழுத்துப் பிடித்தால் காரணம் குறுக்குக் காற்று. பல் வலித்தாலும் அதுவே. பேருந்தில் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் யாராவது எழுந்து ஒன்றைச் சாத்துவார்கள். மற்றவர்கள் நன்றியோடு பார்ப்பார்கள். ரொசாந்தா விவரம் தெரியாதவள் அல்ல. பக்கத்து நகரத்து முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள். பக்கவாதம் என்பது மூளையில் ரத்தம் அடைத்துக்கொள்வது என்று மருத்துவர் சொன்னபோது தலையை ஆட்டினாள். ஆனால் ஜூன் மாதம் ராடிசாவ் விழுந்த அன்று சமையலறைக் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. திறந்து வைத்தவள் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ராடிசாவுக்கு வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. "ஆமா", "இல்ல" இரண்டும் ஒன்றுக்கொன்று மாறி வந்தன. பிசகாமல் வந்தது ஒரே ஒரு வசவு மட்டும்: "நாசமாப் போக!" இதுவும் சகஜம்தான், இல்லத்தில் ஒரு பாதிரியாருக்கே அப்படி ஆனதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகள் ஸ்லாவெங்கா நகரத்திலிருந்து வந்து, கட்டிலுக்கு மேல் ஒரு வெப்பமானியை மாட்டினாள்.

"அம்மா, கேட்டுக்கோ. குளிர்ல அப்பாவோட சதை இறுகிப் போச்சுன்னா பழகின நடையும் போயிடும். இந்த ரூம் இருபது டிகிரிக்குக் கீழ இறங்கக் கூடாது. நவம்பர்ல நம்ம குடும்பப் புனிதர் நாளுக்கு வருவேன். அன்னைக்கு இந்த முள்ளப் பார்ப்பேன். இருபது இல்லைன்னா அப்பா என்கூட வர்றாரு. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல இல்லம் இருக்கு, ஹீட்டரு, டாக்டரு எல்லாம் உண்டு."

"நல்ல இல்லம்தான். நானும் நல்ல இல்லத்துலதான் வேலை பார்த்தேன்," என்றாள் ரொசாந்தா.

நல்ல இல்லத்தில் சூடு இருக்கும், வேளைக்குச் சூப்பு வரும், படுக்கைப்புண் வராது. எந்த ஆம்பிளையும் அங்கே ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது மாதத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். அந்த முதுகுகளை அவள் இருபத்தாறு வருடம் துடைத்துவிட்டிருக்கிறாள்.

விறகு வாங்குவது அதுவரை ராடிசாவின் ராஜ்ஜியம். மே மாதமே காட்டுக்காரர்களிடம் பேசி முடித்து, ஜூலையில் அடுக்கி முடித்துவிடுவான். அவள் அறிந்ததெல்லாம் அடுப்பில் போடுவது மட்டும். இந்த வருடம் மே மாதம் பேசியது ஜூனில் கலைந்தது; செப்டம்பர் பாதியில் அவளே மலைமேல் ஏறி, குவோஸ்தென் என்பவனின் முற்றத்தில் போய் நின்றாள்.

வார்டில் புது நோயாளியைப் பார்ப்பதுபோல் விறகைப் பார்த்தாள். கையில் தூக்கி எடை பார்த்தாள். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடுகிறதா என்று தடவினாள். இரண்டு கட்டைகளை மோதித் தட்டிக் கேட்டாள்; காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மொத்தென்னும். ஓக் கட்டை தணலாக நின்று எரியும், ஆனால் பற்ற நேரமாகும். பைன் படபடவென்று எரிந்து புகைக்குழாயைக் கரியாக்கும். பீச் மரம்தான் தோது. குவோஸ்தெனின் பீச் கணீருக்கும் மொத்துக்கும் நடுவே ஒலித்தது.

"பாதி காய்ஞ்சிருக்கு. உண்மையைச் சொல்லிடறேன் அக்கா, முழுசாக் காய்ஞ்சது இந்த மாசத்துல எவன்கிட்டயும் கிடைக்காது," என்றான் குவோஸ்தென். "பொளந்து அடுக்கி, மழை படாம வச்சா நவம்பருக்கு எரியும்."

எட்டு மீட்டர் வாங்கினாள். எல்லாவற்றையும் ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம் என்று அடுக்கி அளந்தாள். அவன் சந்து விட்டு அடுக்கிய இடத்தில் கையை விட்டுப் பார்த்து, இன்னும் நான்கு கட்டை வைக்கச் செய்தாள். அறுவைக்காரன் டிராக்டரோடு வந்து துண்டு போட்டான், பிளந்து கொடுத்தான். அவளே கொட்டகையில் அடுக்கினாள், சுவரோடு சுவராக, இண்டு இடுக்கில்லாமல், துணி அலமாரிபோல. மழை படக் கூடாது என்று குவோஸ்தென் சொன்னான். காற்று படவேண்டும் என்று சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது பிளாஸ்டிக் தாள் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ராடிசாவ் கைத்தடியால் ஜன்னல் சட்டத்தை இடித்துக்கொண்டிருந்தான்.

"நாசமாப் போக! நாசமாப் போக!"

"தெரியுது மனுஷா, குளிருது. இதோ முடிஞ்சிடும்!" என்று கத்திவிட்டு, தாளின் மேல் இன்னொரு தாளை வைத்து அடித்தாள். உள்ளே போய் அவன்மேல் மூன்றாவது கம்பளியைப் போர்த்தினாள். அவன் அதை இடது கையால் தள்ளினான். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கோபம் வருவதும் சகஜம்தான் என்று அதை எடுத்துத் திரும்பப் போர்த்தினாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி பனி இறங்கியது. அடுப்பில் கட்டை வைத்தாள். அது எரியவில்லை, சீறியது. வெட்டு முகத்தில் நுரை தள்ளி, தண்ணீர் சொட்டி, புகை அறைக்குள் திரும்பியது. மூன்று மணி நேரம் கழித்து முள் பதினைந்தில் நின்றது.

கொட்டகைக்குப் போனாள். பிளாஸ்டிக்கின் உள்பக்கமெல்லாம் வேர்வைபோல் நீர் கோத்திருந்தது. கட்டைகள் மேல் வெள்ளையாகப் பூசணம். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சரியாக உலராத போர்வை நாற்றம். புனிதர் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அழுது பயனில்லாத நேரத்தில் அழும் பழக்கம் அவளுக்கு இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனாள்.

பக்கத்து வீட்டுத் திஹோமிரின் விறகு அந்தத் தெருவின் கேலிப்பொருள். எப்போதும் இரண்டு குளிர்காலத்துக்கு முன்கூட்டியே வைத்திருப்பான். வேலியோரம் கோட்டைச்சுவர்போல் நீண்டு கிடக்கும். வாரத்துக்கு மூன்று நாள் ராடிசாவோடு சதுரங்கம் ஆடியவன், ஜூனுக்குப் பிறகு வாசல்வரை வந்து ரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். உள்ளே வந்ததில்லை.

அவள் நீட்டிய கட்டையை வாங்கி, ஒரு முனையில் பாத்திரச் சோப்பைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதினான். காய்ந்த கட்டையென்றால் நரம்பு வழியே காற்று போய்ச் சோப்பு நுரைக்கும். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இதை எரிக்கப் போறியா, இல்ல நட்டுவைக்கப் போறியா ரொசாந்தா? துளிர் விட்டுடும் போலிருக்கே."

"மழை படல. ஒரு சொட்டு படல. எப்படி நனைஞ்சுது?"

திஹோமிர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"அடப்பாவி. ஓட்டையெல்லாம் அடைச்சுட்டியா? அந்தப் பலகைக்கு நடுவுல விரலை வச்சு வச்சு அளந்து அடிச்சான் அவன், நான்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன். கட்டைக்குள்ள இருக்கிற தண்ணி வேற எந்த வழியாப் போகும்?"

"குறுக்குக் காத்து வந்துதே."

"விறகுக்குக் குறுக்குக் காத்து பட்டா கழுத்தா பிடிச்சுக்கும்? கட்டையையும் போர்த்தி வச்சிருக்கே, புருஷனையும் போர்த்தி வச்சிருக்கே."

அக்டோபரில் ஜன்னல் சட்டத்தில் தடி இடித்த சத்தம் அப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. அவன் குளிருக்கா இடித்தான்? ஆணி அடிக்கும்போதெல்லாம் இடித்தான். அவள் இன்னொரு தாளை அடித்தபோது இன்னும் பலமாக இடித்தான். நோயாளி சொல்வதை முதலில் கேள் என்று புதுப் பெண்களுக்கு வருடக்கணக்கில் பாடம் எடுத்தவள் அவள்.

"உன் காய்ஞ்ச கட்டையில மூணு மீட்டர் குடு. என் ஈரக் கட்டையில மூணு மீட்டர் எடுத்துக்கோ. உனக்கு அது இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுதானே வேணும்," என்றாள்.

"குடுக்கறேன். நானே தள்ளுவண்டில கொண்டாந்து..." நிறுத்தினான். "வாசல்ல போட்டுடறேன்."

"வாசல்ல போட்டா ஆகாது. உள்ள வந்து அவனைப் பார்க்கணும். மீதி அஞ்சு மீட்டரை எப்படி அடுக்கறதுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"அவன்தான் பேச மாட்டானே."

"உனக்கும் சேர்த்துத் திட்டுவான். பயப்படாம வா."

மறுநாள் பிளாஸ்டிக்கைக் கிழித்தார்கள். கொட்டகையை ஒழித்து, தரையில் மரச்சட்டங்கள் பரப்பினார்கள். ராடிசாவை ஜன்னலருகே நாற்காலியில் உட்காரவைத்தாள். தடி ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு. தட்டுவது வெளியே கேட்க வேண்டுமானால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ரொசாந்தா முதலில் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு கதவின் அடியில் துண்டைச் சுருட்டிச் செருகினாள். அதற்கும் பிறகுதான் ஜன்னலைத் திறந்தாள்.

திஹோமிர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றான். "இளைச்சிட்டேடா," என்றான்.

"நாசமாப் போக," என்றான் ராடிசாவ், ஒரு பக்கத்து வாயால் சிரித்தபடி.

"அவ்வளவுதானே? ஆட்டத்துல தோக்கும்போதும் இதைத்தானே சொல்லுவே!"

வேலை மூன்று நாள் நடந்தது. சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி அடுக்கு தொடங்க வேண்டும்: இரண்டு தட்டு வாங்கித்தான் தெரிந்தது. ஓரத்தில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்க வேண்டும்: ஒரு தட்டு. பட்டை மேல்பக்கம் இருக்க வேண்டும்: இரண்டு தட்டு, பிறகு ஒன்று. பூசணம் பிடித்தவை முன்வரிசையில், காற்று முதலில் படும் இடத்தில். திஹோமிர் தன் சொந்தக் கட்டைகளை அடுக்கியபோதும் இரண்டு தட்டு விழுந்தது.

"என் விறகை அடுக்க இவன்கிட்ட நான் பரீட்சை எழுதணுமா? அறுபத்தொம்பது வயசாச்சுடா எனக்கு!"

மீண்டும் இரண்டு தட்டு.

"சரிடா, பிரிக்கறேன், பிரிக்கறேன்."

இரண்டாம் நாள் மத்தியானம் ராடிசாவ் மூன்றாவது கம்பளியை உதறினான். ரொசாந்தா அதை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள்.

புனிதர் நாளன்று ஸ்லாவெங்கா உறைபனியில் வந்து இறங்கினாள். மேசையில் உயரமான மெழுகுவர்த்தி, அவித்த கோதுமை, புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அப்பாவின் அறைக்குப் போனாள். முள் இருபத்திரண்டில் நின்றது. நம்பாமல் வெப்பமானியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் வர்றேன்னு அதிகமாப் போட்டியாம்மா?"

"ஒம்பது நாளா இதேதான். வேணும்னா திஹோமிரக் கேளு."

"என்னைக் கேக்காதே," என்றான் திஹோமிர். கட்டிலருகே சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்திருந்தான். "நான் உங்கப்பன்கிட்ட கூலி வேலை பார்க்கறவன்."

ராடிசாவ் இடது கையால் குதிரையை நகர்த்தினான். ஸ்லாவெங்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றினாள்.

"மார்ச் வரைக்கும் பார்க்கலாம். வாராவாரம் போன்ல முள்ளு எவ்வளவுன்னு சொல்லணும்," என்றாள்.

"சொல்றேன். முதல்ல சாப்பிடு, ஆறுது," என்றாள் ரொசாந்தா.

மறுநாள் காலையில் ரொசாந்தா ராடிசாவுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டாள். அறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஸ்லாவெங்கா வாசற்கதவைப் பிடித்துக்கொள்ள, அவன் தடியோடு கொட்டகைவரை பதினொரு அடி நடந்தான். ரொசாந்தா அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி பின்னால் போனாள். அடுக்கின் முன்னால் நின்று, தடியின் முனையால் முன்வரிசைக் கட்டையைத் தட்டினான். மொத்தென்றது. திஹோமிரின் விறகு இருந்த நான்காவது வரிசையைத் தட்டினான். கணீரென்றது. கதவைத் திறந்தபடி விட்டு வந்த மகளிடம் தடியைக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டையை உருவி, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டான். மனைவியின் தோளைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பினான்.

கதவும் ஜன்னலும் எதிரெதிரே திறந்து கிடந்தன. திரைச்சீலை உப்பி ஆடியது. ரொசாந்தா அதைப் பார்த்தாள். அவன் குனிந்து, கட்டையை அடுப்பு வாயில் தள்ளி முடிக்கும்வரை எதையும் சாத்தவில்லை.