கிப்லாவுக்கும் தெருவுக்கும் நடுவில்

பெகுவில் பெரிய பகோடா சரிந்து விழுந்த பூகம்பம் இருக்கிறதே, அதற்கு நாலைந்து மழைக்காலம் முந்தி நடந்தது. வருஷம் என்னைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு வருஷம் என்பது எது விழுந்தது, எது எரிந்தது, யார் கப்பலேறினார்கள் என்பதுதான். அந்தப் பூகம்பத்தில் ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்தன, ஆட்கள் செத்தார்கள். எங்கள் பள்ளிவாசல் விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. விழுந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. அல்லாஹ் மன்னிக்கட்டும். ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதுப் பள்ளி கட்டுவதற்கு முன் அதே இடத்தில் இருந்தது மரப்பள்ளி. தேக்குத் தூண், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் இமாம் ஓதுவது முதல் வரிசைக்கே கேட்காது. ரங்கூன் மழை எப்படி என்று பார்க்காதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. லுங்கி காய்வதற்கு ஒரு வாரம் ஆகும், அதற்குள் அதில் பூஞ்சை பூத்துவிடும். அது கிடக்கட்டும். அந்த மரப்பள்ளியின் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். நம் கரையிலிருந்து கப்பலில் வந்து வேலை கிடைக்காதவன், காய்ச்சலில் விழுந்தவன், வயதானவன் எல்லாம் அங்கேதான் கிடப்பான். மேஸ்திரிகளின் கூலி வீடுகளில் வேலைக்குப் போகிறவனுக்குத்தான் பாய். அதுவும் பகல் ஆள் எழுந்த பாயில் ராத்திரி ஆள் படுக்க வேண்டும். நோயில் படுத்தவனின் பாயைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சாய்ப்பை விட்டால் தெருதான்.

என் மச்சானும் அங்கேதான் இருந்தார். மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். கப்பலில் சரக்கேற்றும் ஆற்றங்கரை ஜெட்டியில் அரிசி மூட்டை தூக்கும் கயிறு அறுந்து, மூட்டைகள் அவர் வலது காலின் மேல் விழுந்தன. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஆலைகளிலிருந்து கிழிந்த கோணிப்பைகளை வாங்கி, சாய்ப்பில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். ஜெட்டி பக்கத்திலேயே இருந்ததால் அந்த வேலை அவரைத் தேடி வந்தது. தன் சோற்றைத் தானே தின்றார். ஊருக்குப் போய்விடுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்.

“ஒத்தக் காலோட போயி உங்கக்கா முன்னால நிக்கச் சொல்றியா? நிக்கக்கூட முடியாதேடா எனக்கு.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ரங்கூன் அப்போது வீங்கிக்கொண்டிருந்த நேரம். சதுப்பில் மண் கொட்டித் தெரு போட்டார்கள். நேற்று தவளை கத்திய இடத்தில் இன்று மூன்று மாடி நிற்கும். மர வீடுகள் போய்ச் செங்கல் வந்தது. வடக்கத்தி வியாபாரிகள் கட்டிய பள்ளிகளுக்கு மனாராக் கோபுரமும் கும்மட்டமும் இருந்தன. தகரக் கூரைக்குக் கீழே தொழுவது எங்கள் ஜவுளி முதலாளிகளுக்கு அவமானமாகப் போய்விட்டது. பள்ளியின் நிர்வாகத்தைப் பார்த்துவந்த முத்தவல்லி ஒரு ஜவுளிக்கடைக்காரர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் டில்லியிலிருந்து ஓர் உஸ்தாதை, கொத்து வேலையில் பெரிய கையை, வரவழைத்தார். மருதாணி போட்ட சிவந்த தாடி, நல்ல உயரம், எந்நேரமும் வாயில் பீடா. கும்மட்டம் எழுப்புவதில் பேர் வாங்கியவர். அவருக்குக் கீழே சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கு நான் சேர்ந்தேன். எனக்கு எழுத்து வராது, கரண்டி வரும்.

இடத்தில் அளவு போட்ட முதல் நாளே தகராறு. இடம் தெருமுனை. தெருவெல்லாம் ஆற்றுக்கு ஏற்ற மாதிரி போட்டது, கிப்லாவுக்கு, தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் மக்காத் திசைக்கு, ஏற்ற மாதிரி இல்லை. பழைய மரப்பள்ளி கிப்லாவைப் பார்த்து, தெருவுக்குக் கோணலாக, யாரோ அவசரத்தில் நிறுத்திவிட்டுப் போன மாட்டுவண்டி மாதிரி நின்றது. புதுக் கட்டடம் அப்படி நிற்கக்கூடாது, தெருக்கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று சர்க்கார் ஓவர்சீயர் சொல்லிவிட்டார். முதலாளிகளுக்கும் அதுதான் ஆசை, முகப்பு தெருவைப் பார்த்து நேராக நின்றால்தானே அழகு.

“கட்டடம் தெருவோட போகட்டும். பாயை மட்டும் கொஞ்சம் சாய்ச்சுப் போட்டுக்கிடுவோம்” என்றார் ஒரு முதலாளி.

ஓதிக்கொடுக்கும் லெப்பைக்குக் கோபம் வந்துவிட்டது. “சாய்ச்சுப் போடுறதுக்கு இது உங்க வீட்டுக் கல்யாணப் பந்தியா? இமாம் நிக்கிற மிஹ்ராப் ஒரு பக்கம், வரிசை ஒரு பக்கமா? அப்படித் தொழுறதுக்கு ஜெட்டியிலேயே தொழுதுக்கிடலாம்.”

உஸ்தாத் பீடாவைத் துப்பிவிட்டு, ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் கோடு கிழித்தார். ரங்கூனுக்கு வந்து கொஞ்ச நாளில் பிடித்த தமிழில் சொன்னார்: “வெளியே செவுரு சர்க்கார் சொல்ற மாதிரி. உள்ளே செவுரு அல்லாஹ் சொல்ற மாதிரி. சண்டை இல்லே.”

ஹஜ்ஜுக்குப் போன வழியில் அவர் மிஸ்ர் தேசத்துக்குப் போய்க் கொஞ்ச காலம் வேலை செய்தவர். கெய்ரோ. அந்த நகரத்தைப் பற்றிச் சாரத்தின் மேல் உட்கார்ந்து எங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறார். ஆதியில் அது நகரமே இல்லையாம். கலீபாவின் அரண்மனைக்கும் அவர் பட்டாளத்துக்கும் என்று மதில் வைத்துக் கட்டிய இடம். சாதாரண ஜனம் மதிலுக்கு வெளியே தனி ஊரில். உள்ளே நுழைய அனுமதி வேண்டும். பிறகு ராஜ்யம் கைமாறியது, மதில் வாசல்கள் திறந்தன. ஜனம் உள்ளே புகுந்து அரண்மனைத் தோட்டத்திலும் மைதானத்திலும் கடை, வீடு, மதரஸா என்று ஒன்றின் தோளில் ஒன்று சாய்கிற மாதிரி கட்டிவிட்டார்கள். தெரு முந்தி வந்துவிட்டது, பள்ளி பிந்தி வந்தது. அதனால் அங்கே பள்ளிகள் முகத்தைத் தெருவுக்குக் காட்டி, உள்ளுக்குள் உடம்பைக் கிப்லாவுக்குத் திருப்பிக்கொண்டு நிற்குமாம். நடுவில் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும். வெளியே நடந்துபோகிறவனுக்குத் தெரியவே தெரியாதாம்.

எங்களுடையது சிறிய இடம்தான். ஆனால் இரண்டு சுவருக்கும் நடுவே மிஞ்சிய இடத்தைச் சுவராக அடைக்காமல் விட்டால் ஓர் அறை கிடைக்கும் என்றார் உஸ்தாத். தெருமுனைப் பக்கம் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். போகப்போகக் குறுகி, கடைசியில் ஆள் ஒருக்களித்து நிற்கிற இடுக்கு. ஆப்பு மாதிரி.

“அதை முசாபர்கானாவா வச்சிடுவோம். சாய்ப்புல கெடக்குறவங்களுக்கு எடமாச்சு” என்றார் முத்தவல்லி. அவர் வாயால் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

லெப்பை ஃபாத்திஹா ஓதினார். எல்லோரும் கையேந்தினோம். சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் பத்திரம் கிடையாது. பள்ளி இடத்தில் நின்று ஃபாத்திஹா ஓதிய வார்த்தையை யாராவது காகிதத்தில் கேட்பானா? கேட்டால் அவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். அந்த வார்த்தையை நம்பிச் சாய்ப்பை நாங்களே பிரித்தோம். ஜெட்டி ஆட்கள் மூட்டை தூக்கி முடித்துவிட்டு வந்து சும்மா செங்கல் சுமந்தார்கள். நானும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு கூலி வாங்காமல் பூசினேன். கட்டி முடிகிறவரை மச்சான் சாரத்துக்குக் கீழே ஒரு தார்ப்பாயில் இருந்தார். கோணி தைக்காத நேரத்தில், சுண்ணாம்பில் கலக்கும் சுர்க்கிக்காகச் செங்கல் இடித்துக் கொடுத்தார். தலைமுடியெல்லாம் சிவப்புத் தூள்.

“உஸ்தாத் தாடிக்கு மருதாணி, எனக்குச் செங்கப்பொடி. ஆளுக்கு ஒரு அந்தஸ்து” என்பார்.

அறையின் தெருப்பக்கச் சுவரில் உஸ்தாத் மூடிய மாடங்கள்தான் வைப்பதாக இருந்தார். பார்வைக்கு வளைவு, உள்ளே செங்கல் அடைப்பு. மச்சான் கட்டையை ஊன்றிக்கொண்டு போய் நின்று பார்த்தார்.

“உஸ்தாதே, இது என்ன அறையா கபுருக் குழியா? காத்து எங்கிட்டு வரும்?”

“காத்து வேணுமா?”

“காத்தும் வேணும், தெருவும் வேணும். நாலு ஆளு முகத்தப் பாத்துக்கிட்டுத் தச்சாத்தான் கையி ஓடும். படி வச்சிராதீங்க, எனக்கு ஏற முடியாது.”

உஸ்தாதுக்கு அவரைப் பிடிக்கும். மாடத்துக்குப் பதிலாகத் தரையிலிருந்து எழும்பும் மூன்று திறந்த வளைவுகள் வைத்தார். வாசற்படி இல்லை, தெருமட்டத்துக்கே தரை. அந்த மூன்றுக்கும் பூச்சு என் கைதான். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். முகம் தெரியும். எதிரே மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேவை விற்கும் பர்மாக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து தடவிப் பார்த்தாள். “ஹ்லடே, ஹ்லடே” என்றாள். அழகாயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுவரில் எனக்குக் கிடைத்த கூலி அந்த வார்த்தைதான்.

எல்லாம் முடிந்து, மனாராவில் பிறை ஏற்றிய மறுநாள் முத்தவல்லி குடையோடு வந்தார். உள்ளே போகவில்லை. முதல் வளைவில் நின்றார், இரண்டாவதில் நின்றார், மூன்றாவதுக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கூட வந்த இன்னொரு முதலாளியிடம் சொன்னார்: “தெருமொன. படி இல்ல. மூணு வாசல் தனித்தனியா. என்ன சொல்றீங்க?”

அவர் வளைவின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்தார். எனக்கே புரிந்துவிட்டது. நாங்கள் காற்றுக்கு என்று வைத்ததெல்லாம் கடைக்கு வைத்த மாதிரியே அமைந்துவிட்டது.

மூன்று கடை. ஒன்றில் அத்தர், ஒன்றில் குடை, ஒன்றில் ஜப்பான் கண்ணாடிச் சாமான். நடுவில் பலகை அடித்துத் தடுத்தார்கள். நான் மெருகேற்றிய பூச்சில் ஆணி இறக்கினார்கள். பள்ளிக்கு வருமானம் வேண்டும், விளக்கு எரிய வேண்டும், இமாமுக்குச் சம்பளம் வேண்டும் என்றார் முத்தவல்லி. வேண்டும்தான். யார் இல்லை என்றது?

ஜும்ஆ முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது மச்சான் வாசலில் அவரை மறித்தார். ஜெட்டி ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

“முதலாளி, ஃபாத்திஹா ஓதுனப்ப நீங்களும்தான கை ஏந்துனீங்க?”

“ஏந்துனேன். இல்லேங்கல. முசாபருக்குன்னுதான் ஓதினோம். முசாபர்னா வந்து மூணு நாள் தங்கிட்டுப் போறவன். நீ வருஷக்கணக்கா கெடக்குறியே, நீ முசாபரா?”

“அப்ப நான் யாரு?”

முத்தவல்லி குடையை விரித்தார். வெயில்கூட இல்லை. “ஊருக்குப் போப்பா. நானே டிக்கட் எடுத்துத் தர்றேன். இல்லேன்னா ஆத்துக்கு அக்கரையில, டல்லாவுல எடம் பாத்துவச்சிருக்கு.”

“தெனம் சம்பான் படகுல ஒத்தக் கால்ல குதிச்சு ஏறி வந்து கோணி வாங்கிட்டுப் போகவா? டிக்கட்டே எடுங்க முதலாளி. ஒரு காலுக்கு அரை டிக்கட் போதும். மிச்சத்த பள்ளி வெளக்குக்கு எண்ண ஊத்துங்க.”

சிரிப்பு வந்தது. நாலைந்து பேர் சிரித்தேவிட்டார்கள். ஆனால் முத்தவல்லி திரும்பிப் பார்த்ததும் எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மேஸ்திரிகள் எல்லாம் அவர் கடையில் கடனுக்குத் துணி எடுக்கிறவர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் ஜெட்டியில் பேர் கூப்பிட மாட்டார்கள். லெப்பையும் செருப்பைத்தான் தேடினார். கிப்லா ஒரு விரல் விலகினால் குதித்தவர் அவர்.

நான் உஸ்தாதிடம் ஓடினேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“கெய்ரோவிலயும் பள்ளியோட கடை உண்டுன்னு சொன்னீங்களே, அங்கயும் இப்படித்தானா?”

“அங்கே கடைன்னு சொல்லிக் கடை கட்டினாங்க” என்றார். “நம்ம வேலை கட்டுறது. கதவு யாருக்குத் திறக்குறதுன்னு கொத்தனைக் கேக்க மாட்டான், பாய். சுல்தானும் கேக்கலே, இவனும் கேக்க மாட்டான்.” மறுநாள் கப்பலேறிவிட்டார்.

மச்சான் ஊருக்கும் போகவில்லை, டல்லாவுக்கும் போகவில்லை. தாமுவே பக்கம் நம் ஊர்ப் பால்காரர்கள் சிலர் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார்கள். அதில் ஒரு மூலை கொடுத்தார்கள். அவர்கள் இந்துக்கள், ஓதியதும் இல்லை, வாக்குக் கொடுத்ததும் இல்லை. ஆனால் ஜெட்டி எங்கே, தாமுவே எங்கே? அவ்வளவு தூரம் யார் கோணிப்பை கொண்டுவந்து கொடுப்பான்? வேலை நின்றது. வேலை நின்றதும் பேச்சும் குறைந்தது. நான் போகும்போதெல்லாம், அங்கே இப்போது என்ன விற்கிறார்கள் என்று மட்டும் கேட்பார். அத்தர் என்பேன். “வாசனையாவது வருதா, சரி” என்பார். அடுத்த மழை முடிவதற்குள் போய்விட்டார்.

மையத்தை வைத்துத் தூக்கிப்போகும் பெட்டி, சந்தூக்கு, வேண்டுமே. ஆட்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்லும் மோதினார் சாவியை எடுத்துக்கொண்டு அத்தர் கடை வழியாகக் கூட்டிப்போனார். அந்த ஆப்பின் முனை, ஆள் ஒருக்களித்து நிற்கும் இடுக்கு, கடைக்கு உதவாமல் போன இடம். அங்கேதான் சந்தூக்கைச் செங்குத்தாகச் சாத்தி வைத்திருந்தார்கள். முன்னால் அத்தர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் நல்லவர், தானே அவசர அவசரமாக நகர்த்திக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஆளைத் தெரியவில்லை.

அந்த அறையிலிருந்து என் மச்சானுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். தாமுவே கபரஸ்தானில் அடக்கினோம்.

நான் அந்தப் பள்ளியில் தொழுவதை விடவில்லை. கிப்லா என்ன பாவம் செய்தது? ஆனால் தெருப்பக்கச் சுவரோரம் நிற்க மாட்டேன். அந்தப் பக்கம் நின்றால் என் மனசு தொழுகையில் இருக்காது. முத்தவல்லிக்குப் பிறகு அவர் மகன் வந்தான், அப்புறம் வேறு யாரோ. கடைகள் மட்டும் கைமாறிக் கைமாறி அப்படியே இருந்தன. அறை என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. முசாபர்கானா என்று நான் ஒருமுறை பேச்செடுத்தபோது, கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என் காது கேட்கவே சொன்னார்கள்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, ஒன்று செய்யுங்கள். ரங்கூனுக்குப் போகிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். தெருமுனையில் மூன்று வளைவு வைத்த கடைகளைப் பார்த்தால் உள்ளே போய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தெருவோடு சேராமல் சாய்ந்து போகும். இப்போது கடை வைத்திருப்பவன்மேல் குற்றம் இல்லை, அவனைத் திட்ட வேண்டாம். ஒரு கால் போன மனிதன் உட்கார்ந்து கோணி தைப்பதற்கென்று ஓதிக் கட்டிய இடம் இது என்று அவன் காதில் போடச் சொல்லுங்கள். அவனுக்குப் பிறகு வாடகைக்கு வருகிறவனிடமும் அவனைச் சொல்லச் சொல்லுங்கள்.