பக்கத்து சீட்டுக்கு ஆள் வராங்க

வேங்கிக்கால் அப்பாதுரை உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். குடி கிடையாது, கடனுக்கு மூட்டை கேட்கிற விவசாயியிடம் முகம் சுளிக்கவும் மாட்டார். ஆனால் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார மட்டும் அவருக்கு வராது.

கல்யாணமான புதிதில் அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறியபோதே இது ஆரம்பித்துவிட்டது. சந்திரகலா முன்வாசலில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். இவர் பின்வாசலில் ஏறி, ஊர் ஆம்பிளைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி மஞ்சப் பொடவைக்கும் சேத்து ரெண்டு குடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் புடவையின் நிறம்தான் மாறியது. கிரிவலம் போனாலும் பத்தடி முன்னால் நடப்பார். ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்காருவாள்; அதில் அவருடைய முதுகைத்தான் பார்க்கலாம்.

ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தானே என்று அவர் கேட்கலாம். கேட்கட்டும். எல்லாருடைய பெண்டாட்டியும் வியன்னா வரைக்கும் போய்க் காத்திருக்கவில்லை.

மகள் வினோதினிக்கு அங்கே வேலை. லீவில் வந்தவள் இருவரையும் கையோடு அழைத்துப் போனாள். விமானத்தில் நடு சீட்டில் அவள் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் அப்பாவுக்கு பெல்ட் போட்டுவிட்டாள், அந்தப் பக்கம் அம்மாவுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். மருமகன் அருள்ராஜ் கம்பெனி வேலையாக பிராக் நகரத்தில் இருந்தான். "பஸ்லயே போய்ட்டு வாங்க, நாலு மணி நேரந்தான். அவரு வந்து கூட்டிக்குவாரு. எனக்கு ஆபீஸ் இருக்குது" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள் மகள். சனிக்கிழமை என்ன ஆபீஸ் என்று அப்பாதுரைக்குத் தோன்றவேயில்லை.

பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிரைவர், கண்டக்டர் இல்லை. சந்திரகலா முன்னால் ஏறினாள். முன்பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அப்பாதுரையின் கால்கள் தாமாகவே முடிவு செய்துவிட்டன. "நீ இங்கியே குந்திக்கோ" என்று சொல்லிவிட்டு நேராகப் பின்னால் போய், தாடி வைத்த ஒரு ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்திரகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்த வயல். கடுகு மாதிரி இருக்கிறதே, இதற்கு என்ன உரம் போடுவார்கள் என்று தாடிக்காரரிடம் கையாலேயே கேட்டுப் பார்த்தார். அந்த ஆள் பிஸ்கட் கொடுத்தார். தின்றுவிட்டு அப்பாதுரை நன்றாகத் தூங்கினார்.

பிராக் வந்ததும் முன்னால் போனார். சந்திரகலா ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து சீட்டில் அவளுடைய கைப்பை, அதன்மேல் எலுமிச்சை சாத டப்பா. திறக்கவேயில்லை.

"யாரும் இங்க குந்தலியா?"

"வழியில ஏறுன ஒரு அம்மா வந்து கேட்டாங்க. ஆள் வராங்கன்னு சொன்னேன்."

"தமிழ்லயா?"

"புரிஞ்சிக்கினாங்க" என்று டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்பாதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். ராத்திரி வினோதினி போன் செய்தாள்.

"என்னப்பா, அம்மாவுக்கு இப்ப திருப்தியா? ஊர்லருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே புடிச்சி இதே பேச்சு. 'பஸ்ல உங்கப்பாவும் நானும் ஒரே சீட்டுல போவணும், நடுவுல நீ கூட வேணாம்'னு. அதுக்குத்தான் ஆபீஸ்னு பொய் சொல்லி நான் வரல."

அப்பாதுரை போனை மருமகனிடம் நீட்டிவிட்டார். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட வருத்தம் ஜாஸ்தியாக இருந்தது. மறுநாள் பழைய பாலத்தின்மேல் கூட்டத்தில் நடக்கும்போது வேண்டுமென்றே அவள் பக்கத்தில் போய் நடந்தார். வழி விடச் சொல்கிறார் என்று நினைத்து அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

திரும்பும்போதாவது சேர்ந்து உட்காரலாம் என்றிருந்தார். "எதுக்கு மாமா பஸ்ஸு?" என்று மருமகன் காரை எடுத்தான். மரியாதையாக முன் கதவைத் திறந்துவிட்டான். அப்பாதுரை முன்னால், சந்திரகலா பின்னால். "பரவால்ல, நான் பின்னாடி வரேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூட அவர் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு முடிவோடு இருந்தார். ஒரு நாள் டவுனில் கல்யாணத்துக்குப் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் வேங்கிக்கால் டவுன் பஸ் ஏறினார்கள். இந்த முறை அவள் பின்னாலேயே முன்வாசலில் ஏறினார். சந்திரகலா இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தாள். பழக்கந்தான். அவர் சீட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை பையின் காதைப் பிடித்தது.

"இன்னா அப்பாதுரை, லேடீஸ் பக்கம் நின்னுட்ட?" பின்சீட்டிலிருந்து பூச்சிமருந்துக் கடை ராஜமாணிக்கம் கத்தினார். "இங்க வாய்யா, எடம் இருக்குது!"

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதுரை கம்பியைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்து அசடு வழிந்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் துணிக்கடைப் பையோடு ஒரு பெண் ஏறி வந்துவிட்டாள்.

"ஆள் வராங்களாம்மா?"

சந்திரகலா அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வரல. நீ குந்தும்மா."

அப்பாதுரை பின்னால் போய் ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்ததும், முன்னாடி பச்சைப் புடவைக்கும் சேர்த்து என்று சொல்ல வாய் வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது காசு கிடையாது. அவளுக்கு இவர் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

"எத்தினி?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு" என்றார் அப்பாதுரை.