பதினான்காம் எல்லைக்கல்

"ஊர்ப் பேரு ஏட்டுல முதல்ல வந்த வருஷம்?"

"ஆயிரத்து இருநூத்தி எழுபத்தஞ்சு."

"பரப்பு?"

"நானூத்திப் பன்னெண்டு ஹெக்டேர். அதுல பாதி காடு. மீதி புல்லும் செர்ரி மரமும்."

"ஜனத்தொகை?"

"முன்னூத்தி ஆறு. அந்தக் காலத்துல ஐநூத்துக்கு மேல இருந்துச்சு. வீட்டுக்கு வீடு ரிப்பன் தறி ஓடுச்சு. தறி நின்னதும் பாதிப் பேர் பாசல் டவுனுக்குப் போனாங்க, பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாங்க. யாரும் திரும்பலை."

லிஸ்பெத் கீசின் கையிலிருந்த தாளைத் தாழ்த்தினாள். "எனக்கே இவ்வளவு தெரியாதுடி. எனக்கு இந்தப் பரீட்சை வச்சா என்னை போர்ச்சுகலுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். எங்க அக்கா வீட்ல ரெண்டு கழுதை இருக்கு. பார்த்துக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கா."

சிரித்துக்கொண்டே தியோலிந்தா அடுத்த மாட்டுக்குக் கறவைக் குழாயை மாட்டினாள். கீசின் வீட்டுத் தொழுவத்தில் அவளுக்கு இது முப்பத்தோராவது வசந்தம். இருபத்து நான்கு வயதில், ஒரு கோடைக்குச் செர்ரி பறிக்க என்று போர்ச்சுகலிலிருந்து இந்த ஹாஸ்லிகன் ஊருக்கு வந்தவள். ஒரு கோடை இன்னும் முடியவில்லை. மரம் வெட்டும் அமதேயுவை இங்கேதான் மணந்தாள். இந்தத் தேவாலயத்து மண்ணில்தான் அவனைப் புதைத்தாள்.

இத்தனை வருடங்களில் ஊர்க்கூட்டம் எத்தனை நடந்ததோ, அத்தனைக்கும் நாற்காலி போட்டவள் அவள். காபி கலந்தவளும் அவள்தான். ஆனால் தலைவர் "கை தூக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம், தட்டைப் பிடித்தபடி சுவரோரம் நிற்பாள். அந்தச் சுவரோர இடம் வெளியாட்களுக்கானது. பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றலாமா, ஓடைக்குப் பாலம் வேண்டுமா என்று ஊரே கை தூக்கும். அவளுடைய இரண்டு கைகளிலும் தட்டு இருக்கும். ஒரே ஒரு முறை தானும் கை தூக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் இந்த ஊரின் குடியாக ஏற்கும்படி மனு கொடுத்திருந்தாள்; பரீட்சையும் அதற்குத்தான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஊர் அதற்குக் கை தூக்கப் போகிறது. அல்லது தூக்காமல் விடப் போகிறது.

"எல்லைக்கல் எத்தனை?" என்று தியோலிந்தாவே கேட்டுக்கொண்டு பதிலும் சொன்னாள். "நாப்பத்தொண்ணு. அதுல பதினாலாவது..."

"அது வேண்டாம். அடுத்ததுக்குப் போ."

லிஸ்பெத்தின் குரல் சட்டென்று காய்ந்துவிட்டது.

"தாள்ல இருக்கே? தொண்ணூத்தொண்ணுல காணாமப் போச்சு, புதுசு நட்டாங்கன்னு..."

லிஸ்பெத் தாளை மடித்தாள்.

"எங்கப்பாவை ஊர்ல என்ன பேர் சொல்லுவாங்க, தெரியுமில்ல?"

"கல் கீசின். எல்லை நடையில ஏதோ கதை சொல்லிச் சிரிப்பாங்களே, சும்மா வேடிக்கைன்னு நினைச்சேன்."

"இல்லைடி. அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டு, பக்கத்து மெல்க்வில் ஊர்க்காரங்க புல்லுல நாலடி திருடப் பார்த்தாருன்னு. அந்தக் கல் எங்க மேய்ச்சல் ஓரத்துல, ஓடைக்கரையில இருந்துச்சு. ஒரு நாள் பார்த்தா இல்லை. அவ்வளவுதான். அப்பா பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினார். யாரு நம்பினா? சாகிற வரைக்கும் எல்லை நடைக்கு அவர் போகலை. நானும் போறதில்லை."

"அது எப்படி இருக்கும், அந்தக் கல்?"

"முட்டி உயரம். ஒரு முகத்துல எங்க ஊருக்கு எச், அது பக்கத்துலயே மெல்க்வில்லுக்கு எம். கீழே ஆயிரத்து எழுநூத்தி எழுபத்திரண்டு. ஒரு மூலை உடைஞ்சிருக்கும். எங்க தாத்தாவோட வண்டி இடிச்சது. பாலாடைக் கட்டியைக் கடிச்ச மாதிரின்னு அப்பா சொல்லுவார்."

தியோலிந்தாவின் கையிலிருந்து குழாய் நழுவி வைக்கோலில் விழுந்தது.

அன்று முற்பகல், தன் வீட்டு வாசலில் அவள் நெடுநேரம் நின்றாள். ஓடையோரத்துச் சின்ன வீடு. வாசலில் ஒரு கல் படி. மூலை உடைந்த படி.

தொண்ணூற்றொன்றில் பெருமழை பெய்து ஓடை கரையை அரித்துக்கொண்டு போன வாரம், அமதேயு காட்டில் இருந்தான். தண்ணீர் வடிந்த பிறகு ஓடைக்குள் நல்ல சதுரக் கல் ஒன்று கிடந்தது. போர்ச்சுகலில் அவள் ஊரில் ஆற்றில் கிடக்கிற கல் எடுத்தவருக்குச் சொந்தம். தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சேறு அப்பிய ஒரு பக்கத்தில் ஏதோ கீறல்கள் இருந்தன; வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும் என்று கீறலைக் கீழே போட்டுப் பதித்தாள். புருஷன் வந்து பார்த்து, "ராணி வீட்டுப் படி மாதிரி இருக்கு" என்றான்.

கடப்பாரை போட்டு நெம்பினாள். கல் புரண்டது. ஈர மண்ணைக் கையால் வழித்தாள். முதலில் எச் தெரிந்தது. பிறகு வருடம்.

அந்தப் படியில் யார்தான் உட்காரவில்லை! டிராவ்கோட் கீசின், லிஸ்பெத்தின் அப்பா, எத்தனை மாலை அதன் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியிருக்கிறார். "உன் காபி சவத்தையும் எழுப்பும்மா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். தன் மானத்தைத் தின்ற கல்லின் மேலேயே உட்கார்ந்து, தெரியாமலே இறந்துபோனார். தியோலிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. குடியானவர் ஊரில் கொலைக்குக் கூட மன்னிப்பு உண்டு. எல்லைக்கல்லைத் தொட்டவருக்குக் கிடையாது. சொன்னால் செவ்வாய்க்கிழமை எந்தக் கை உயரும்? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? இருபத்தெட்டு வருடம் வாய் திறக்காத கல், இனியா திறக்கப் போகிறது? அவள் கல்லைப் பழையபடி புரட்டி, மண்ணை மூடி, மிதித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அதன் மேல் கால் வைக்க முடியவில்லை. மூன்று நாள் பின்கதவு வழியாகவே போய் வந்தாள்.

நான்காம் நாள் விண்ணேற்பு வியாழன், இயேசு விண்ணுக்கு ஏறிய திருநாள். வழக்கம் போல ஊர் முழுவதும் எல்லை நடைக்குக் கிளம்பியது. தொப்பியில் பூ செருகிக்கொண்டு, குழந்தைகளும் நாய்களுமாக, கல் கல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். லிஸ்பெத் எப்போதும் போல வரவில்லை. ரொட்டியும் தொத்திறைச்சியும் ஏற்றிய வண்டியை நேராக நடை முடியும் காட்டு முனைக்கு ஓட்டிப்போயிருந்தாள்.

பதினான்காவது கல்லில் ஊர்ப் பெரியவர் கிரீடர் தடியை ஊன்றி நின்றார். எழுபது வயது, வருடத்துக்கு வருடம் அதே இடத்தில் அதே பேச்சு.

"பசங்களா, கல்லை நகர்த்தினவன் செத்த பிறகு என்ன ஆவான் தெரியுமா? நெருப்பா எரியற கல்லைத் தோள்ல தூக்கிட்டு, 'இதை எங்கே வைக்கிறது? இதை எங்கே வைக்கிறது?'ன்னு எல்லையெல்லாம் அலைவான். யாராவது பயப்படாம, 'எங்கே எடுத்தியோ அங்கேயே வை'ன்னு சொன்னாத்தான் அவனுக்கு விடுதலை. இங்கே ராத்திரி வந்தா கீசின் கிழவரைப் பார்க்கலாம். பாவம், இன்னும் யாரும் சொல்லலை!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, பழகிப்போன சிரிப்பு. போன வருடம் தானும் சிரித்தது தியோலிந்தாவுக்கு நினைவு வந்தது. பாதை ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிற்பகலில் லிஸ்பெத்தைக் கையைப் பிடித்துத் தன் வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"என்னடி? பின்கதவுப் பக்கமே போய்ட்டு வர்றே. முன்வாசல்ல பாம்பா?"

தியோலிந்தா கடப்பாரையை எடுத்து நெம்பினாள். கல் புரண்டது.

லிஸ்பெத் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. குனிந்து, உடைந்த மூலையை ஒரு விரலால் தொட்டாள்.

"ஓடையில கிடந்துச்சு லிஸ்பெத். எனக்குத் தெரியாது. அமதேயு மேல ஆணை, எனக்குத் தெரியாது."

"அப்பா இது மேல உட்கார்ந்து பூட்ஸ் கழட்டினார்" என்றாள் லிஸ்பெத். எழுந்து நடந்து போய்விட்டாள்.

அடுத்த நாட்களில் இருவரும் ஒரே தொழுவத்தில் பால் கறந்தார்கள். இருபத்திரண்டு மாடுகள், காலையும் மாலையும். ஒரு சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஊர்க்கூடத்தில் தியோலிந்தாவே நாற்காலி போட்டாள். லிஸ்பெத்தின் வழக்கமான நாற்காலி காலியாகவே இருந்தது. தலைவர் தோமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பரீட்சையில தியோலிந்தா எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிட்டாங்க. நம்மள்ல பாதிப் பேர் தேறமாட்டோம். ஓட்டுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"சொல்லணும்."

அவள் வெளியே போனாள். கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்டது. தள்ளுவண்டியோடு உள்ளே வந்தாள். மரத்தரையில் சக்கரம் ஈரக் கோடு போட்டது. வண்டியில் கல், எழுத்து மேலே தெரியும்படி.

மழையையும் ஓடையையும் வாசற்படியையும் சொன்னாள். இத்தனை வருடம் நன்றாகப் பேசிய மொழி பாதியில் உடைந்து உடைந்து விழுந்தது. "டிராவ்கோட் ஐயா திருடலை. எடுத்தது நான். உங்க சிரிப்பு எல்லாம் என் மேல விழ வேண்டியது. இதைச் சொல்லாம உங்க ஊர்ல கை தூக்க எனக்கு வேண்டாம்."

கனம் தாங்காமல், தூக்கிப் பிடித்திருந்த வண்டியை இறக்கக் கூடத்தில் இடம் தேடினாள், எங்கும் நாற்காலி.

"இதை... இதை நான் எங்கே வைக்கிறது?" என்றாள்.

அவள் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோரும் குழந்தையிலிருந்து கேட்ட கேள்வி அது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கிரீடர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவருகிலிருந்து வந்தது பதில்.

"எங்கே எடுத்தியோ அங்கேயே வை."

லிஸ்பெத் நின்றுகொண்டிருந்தாள். பூட்ஸில் கல்லறைத் தோட்டத்து மண். அப்பாவிடம் சேதி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று யாரும் கேட்காமலே தெரிந்தது. நேராக வந்து தள்ளுவண்டியின் ஒரு பிடியைப் பற்றினாள். இரண்டு பெண்களுமாக வண்டியை இறக்கினார்கள்.

"நாலு நாளா உன் மேல கோவம்டி" என்று காதோடு சொன்னாள். "அப்புறம்தான் தோணிச்சு. நீ சும்மா இருந்திருந்தா, எங்கப்பா இன்னும் அலைஞ்சுகிட்டே இருந்திருப்பார்."

தலைவர் தொண்டையைச் செருமினார். வழக்கப்படி மனு போட்டவள் வெளியே போக வேண்டும். தியோலிந்தா தாழ்வாரத்தில் காபிப் பானையின் அருகே நின்றாள். கதவுக்குள் நாற்காலிகள் கிறீச்சிட்டன. கிரீடரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "முதல் கை என்னுதுன்னு எழுதிக்கோங்க. அந்த அசட்டுக் கதையை வருஷா வருஷம் சொன்னவன் நான்தான். இறக்கச் சொன்னாலும் இறக்க மாட்டேன்."

கதவு திறந்தது. அழுதழுது மூக்குச் சிவந்த லிஸ்பெத் தலையை நீட்டினாள். "ஒருத்தர் விடாம எல்லாரும் கை தூக்கிட்டாங்க. உள்ள வாடி."

தியோலிந்தா எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலக் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுத்த பொருளைத் தலைவர் வாசித்தார். "பதினான்காம் கல்லைப் பழைய இடத்தில், புதுக் கல்லுக்குப் பக்கத்தில் நடுவது. சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. சுவரோரம் நின்றவளின் கையிலிருந்து லிஸ்பெத் தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். வெறுமையான கை. அது தயங்கி, தோள்வரை போய், மெல்ல மேலே எழுந்தது.

"அம்மா, மேலிடத்துக் கையெழுத்து இன்னும் வரலை" என்றார் கிரீடர். "சட்டப்படி அந்தக் கை செல்லாது."

"நான் அதை எண்ண மாட்டேன்" என்றார் தலைவர் தோமன், எண்ணிக்கொண்டே. "ஆனா இறக்கச் சொல்லவும் மாட்டேன்."