மந்திரவாதியின் ஏரியல்

அந்த மந்திரவாதி அவளுடைய மாமனார்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊரெல்லாம் என்றால் நான்கைந்து தெரு. ஒரு வதந்தி காலாற நடந்துவர அது தாராளம்.

மந்திரவாதி என்றதும் யாரும் கதவைச் சாத்த வேண்டாம். அவர் குடியிருப்பது வீடியோ கேமுக்குள். ஒரு குண்டுப் பூனை செங்கல் விட்டுச் செங்கல் தாவி ஓடுகிற விளையாட்டு. இதுவரை ஐந்து பாகம் வந்தாயிற்று. பாகத்துக்குப் பாகம் பெரிய வில்லன் மாறுவான். மாறாமல் வருகிறவர் இவர் ஒருத்தர்தான். நீல அங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஒரு கோல். உயரத்தில் ஏதாவது ஒரு செங்கல் திட்டில் திடீரென்று தோன்றுவார். கோலை இழுத்து இழுத்து நீட்டுவார். கீழே நிற்கிற பூனையைப் பார்த்து மந்திரத்தை விடுவார். அது பூனை மேல் பட்டால் பூனை அவுட். செங்கல் மேல் பட்டால் செங்கல் சோப்புக் குமிழியாகி மிதந்து போய்விடும். உடனே மறைந்து, வேறொரு திட்டில் தோன்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஓய்வு பெற்ற மாமனார்கள் சிலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்பதால் வதந்தியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியவில்லை.

அவரைப் படைத்த அந்த மருமகள் விளையாட்டுக் கம்பெனியில் எதிரிகளைச் செய்கிறவள். எந்த எதிரி எங்கே நிற்க வேண்டும், எப்படி முறைக்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் எதிரியக்கா. பூனையை வரைகிறவரை யாரும் பூனையண்ணன் என்று கூப்பிடாததில் மட்டும் அவளுக்கு லேசான மனக்குறை.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் அது தெருமுனை மருந்துக்கடையில் போய் நிற்கிறது. கடைக்காரர் அந்த விளையாட்டின் பழைய பைத்தியம். அதற்கும் முன்னால், எதிரியக்காவின் மாமனாரிடம் கார் ஓட்டக் கற்றவர். மாமனார் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்த காலம் அது. ஒரு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏரியலைக் கையில் வைத்திருப்பார். மாணவன் தப்புச் செய்யப் போகிறான் என்று தெரிந்ததும் திட்ட மாட்டார். ஏரியலைக் கணுக் கணுவாக இழுத்து நீட்டுவார். அது முழு நீளத்துக்கு வருவதற்குள் மாணவனின் கால் தானாகப் பிரேக்கில் போய் நிற்கும். நிற்காதவன் முழங்காலில் ஒரு தட்டு.

"அந்த மந்திரவாதி கோலை நீட்டுறதைப் பார்த்தா இப்பவும் என் வலது கால் பிரேக்கைத் தேடுது" என்று கடைக்காரர் இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். வதந்தி பிறந்த இடம் அதுதான்.

இதில் ஒரு பழைய பகையும் உண்டு. ஒருநாள் காரிலிருந்து ஏரியல் காணாமல் போனது. அன்று கடைசியாக வண்டியில் உட்கார்ந்தவர் மருந்துக்கடைக்காரர். வாத்தியார் வேறு விசாரணை வைக்கவில்லை. திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பிரஷர் மாத்திரைக்குக்கூட வாத்தியார் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளிப் போய் இன்னொரு கடையில் வாங்குகிறார். போகிற நடையில் பிரஷர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி உண்மை. ஏரியலை எடுத்தது மருமகள்.

முதல் பாகம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அப்போது மந்திரவாதி தோன்றினார், அடித்தார், மறைந்தார். ஆடிப் பார்க்க வந்தவர்கள் இது அநியாயம் என்று எழுந்து போனார்கள். அதே மாதம் அவள் மாமனாரிடம் கார் கற்றுக்கொண்டிருந்தாள். ஏரியல் நீள்கிற அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அடி வருகிறது என்று தெரிகிறது, தப்பிக்க வழியும் இருக்கிறது. தப்பாவிட்டால் அது உன் பாடு. ஒரே ஒரு நாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், நீட்டுகிற கையைப் படம் பிடித்துக்கொண்டு திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தாள். அந்த ஒரு நாள் ஐந்து பாகமாக நீண்டுவிட்டது. ஏரியல் இன்றும் அவள் மேஜையில் பேனாக்களோடு நிற்கிறது.

ஆறாம் பாகத்துக்குப் புது மேனேஜர் வந்தார். எதைப் பார்த்தாலும் வேகம் போதாது என்பவர். லிஃப்டில் ஏறினால் கதவு மூடும் பொத்தானை நிறுத்தாமல் அழுத்துகிற ஆள். அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த நீட்டல்தான்.

"யார் மேடம் இவ்வளவு நேரம் காத்திருப்பாங்க? வரணும், அடிக்கணும், போகணும்" என்றார்.

"நீட்டாம அடிச்சா அவர் மந்திரவாதி இல்ல சார். வழிப்பறி. அதைச் செய்ய வேற ஆளைப் பாருங்க, நான் கிளம்பறேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. அதனால்தான் அவருக்குக் கொஞ்சம் உறைத்தது.

கடைசியில் ஓர் உடன்பாடு. இந்த விளையாட்டைத் தொட்டே பார்க்காத ஒருவரை வெள்ளிக்கிழமை உட்கார வைப்பது. நீட்டல் இல்லாத மந்திரவாதியை ஆடவிடுவது. மந்திரவாதி ஒழுங்காக வேலை செய்தால் நீட்டலும் போகும், அவளும் போவாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: சோதனை அறை வேண்டாம், உண்மையான கட்டத்திலேயே ஆடட்டும். சோதனை அறை என்பது விளையாட்டுக்குள் எதிரிகளை முயன்று பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் வெற்று இடம். மேனேஜர் தன் அதிவேக மந்திரவாதியை அங்கேதான் ஓடவிட்டுப் பார்த்திருந்தார். அங்கே எல்லாத் திட்டும் கருங்கல். கருங்கல் குமிழியாகாது. அதனாலென்ன என்று தலையாட்டினார். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

வதந்தி இதற்குள் மாமனார் காதுக்கே வந்து சேர்ந்திருந்தது. "நான் மந்திரவாதியாமே?" என்று சாப்பிடும்போது கேட்டார். "நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க மாமா" என்றாள். தொட்டே பார்க்காத ஆள் கிடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முதுகை நிமிர்த்தி, பக்கவாட்டில் கண்ணாடி இருக்கிறதா என்று தேடினார். பூனை பள்ளத்தின் ஓரத்தில், ஒரு பாறையின் மேல் நின்றது. வாத்தியார் நாலு பக்கமும் பார்க்காமல் வண்டியை எடுக்கிற ஜாதி இல்லை. திரையை இடமிருந்து வலம் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரவாதி தோன்றினார். நீட்டாமல் அடித்தார்.

பழைய நீட்டலுக்குள் ஒரு சின்ன வேலை ஒளிந்திருந்தது. ஆதியில் விளிம்பிலேயே தோன்றியவர், நீட்டல் வந்த பிறகு திட்டின் நடுவில் தோன்றி, கோலை நீட்டிக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்து விளிம்பில் நிற்பார். அப்போதுதான் மந்திரம் கீழே பூனையிடம் போகும். நீட்டலை எடுத்தபோது அந்த அடியும் சேர்ந்து போய்விட்டது. மந்திரம் நேராக அவருடைய காலடிச் செங்கலில் இறங்கியது. திட்டு குமிழியாகி மிதந்தது. மறைந்து அடுத்த திட்டுக்குப் போனார், அதையும் குமிழியாக்கினார். இப்படி ஒவ்வொன்றாக, மேனேஜர் ஆசைப்பட்ட அதே வேகத்தில், நிற்க இடமில்லாமல் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு நீல அங்கி பறக்கப் பள்ளத்தில் விழுந்தார். பூனை ஜெயித்துவிட்டதாகத் திரை அறிவித்தது.

"நான் இன்னும் வண்டியையே எடுக்கலையேம்மா" என்றார் மாமனார்.

மேனேஜர் தானே உட்கார்ந்து ஆடினார். இவர் பூனையைப் பின்னால் நகர்த்துவதற்குள் மந்திரவாதி மறுபடி பள்ளத்தில். கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு நீட்டல் இருக்கட்டும் என்றார். அடுத்த கூட்டத்தில் அது ஆரம்பத்திலிருந்தே தன் கருத்து என்றும் சொன்னார். எதிரியக்கா மறுக்கவில்லை. வேண்டியது கிடைத்த பிறகு பெருமையை யார் எடுத்தால் என்ன?

மாமனாரை அழைத்துக்கொண்டு அவள் தன் மேஜைக்கு வந்தாள். பழைய பாகம் ஒன்றை ஓடவிட்டாள். திரையில் மந்திரவாதி கோலை நீட்டினார். மாமனாரின் வாயோரம் மெல்ல விரிந்தது. அப்புறம்தான் அவர் கண் பேனாக்களின் பக்கம் போனது. எடுத்தார். ஒவ்வொரு கணுவாக இழுத்தார்.

"இதை அந்த மருந்துக்கடைக்காரன்தானே எடுத்தான்?"

"நான்தான் எடுத்தேன் மாமா. தப்புதான்."

ஏரியல் முழு நீளத்துக்கு வந்து நின்றது. யாரையும் தட்டவில்லை. "இத்தனை வருஷம் ஒருத்தனைத் திருடன்னு சொல்லிட்டிருந்தேனே."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அன்னைக்கே இதை உங்க கையில தர்றேன்."

"எடுத்தது நீ, மன்னிப்பு கேக்கறது நானா?"

"எடுத்ததுக்கு உங்ககிட்ட நான் கேட்டாச்சு. திட்டினதுக்கு அவர்கிட்ட நீங்கதானே கேக்கணும்?"

"முதல்ல ஏரியல். அப்புறம் மன்னிப்பு."

"முதல்ல மன்னிப்பு மாமா."

ஆறாம் பாகம் வந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அதில் பாதி தூரம் தாண்டிவிட்டார். ஏரியல் இன்னும் அவள் மேஜையில்தான். மாத்திரையும் இன்னும் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான்.

போன வாரம் மட்டும் மாமனார் தெருமுனைக் கடை வாசலில் சற்று நின்றார். உள்ளேயிருந்து பார்த்த கடைக்காரரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. மாமனார் ஏதோ சொல்லவந்தவர் போலக் கையைத் தூக்கினார். கையில் ஒன்றும் இல்லை. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடையைக் கட்டினார்.