முட்டுக்கல்லாய்க் கிடந்த ஏழாவது கன்னி

எங்கள் வயலின் சனி மூலையில் ஏழு கல் இருந்தது. ஏழு கன்னிமார். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். எங்கள் குலதெய்வம். ஆடி மாதம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஏழு இலையில் கூழும் கருவாட்டுக் குழம்பும் படைப்போம். கடைக்குட்டிக் கன்னியின் தலையில் ஒரு பள்ளம் உண்டு. அப்பாவின் ஏர் இடித்தது. அதற்காக அவர் ஒரு வருடம் கறி தின்னவில்லை.

அப்பா போனபின் நிலத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். சாமியைப் பத்திரமாக ஊருக்குள் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னார்கள். பொக்லைனில் அள்ளிவந்து தெருமுனை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு. கடைக்குட்டியைக் காணோம். கேட்டதற்கு, தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். எங்கே தேடுவார்கள்? அவர்களுக்கு எல்லாமே ஜல்லி.

அம்மா அவர்களைத் திட்டவே இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். "நெலத்த வித்துட்டோம்ல. அவ கோச்சிக்கினு போய்ட்டா" என்று தன்னையே நொந்துகொண்டாள். அடுத்து வந்த இரண்டு ஆடியிலும் ஏழாவது இலையை வெறுமனே போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கல் எங்கேயம்மா நடந்து போகும் என்று நான்தான் கத்துவேன்.

நான் அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று கொடுத்தது அது. லாரியில் ஏற்றிய பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். லாரி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கல் வைப்பார்கள். கிரீஸும் கரியும் அப்பிய கல். அதன்மேல் செருப்புக் காலை வைத்துத்தான் தினமும் லாரியில் ஏறுவேன்.

போன ஆடியில், கூழ் ஊற்றுவதற்கு முந்தைய நாள் நல்ல மழை. மதியம் லாரி கிளம்பியதும் கல் புரண்டு கிடந்தது. அதுவரை மண்ணில் பதிந்திருந்த பக்கத்தில் ஒரு பள்ளம். விரலை விட்டுப் பார்த்தேன். வருடா வருடம் அந்தப் பள்ளத்தில் குங்குமம் அப்பிய விரல் அது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். தாராளமாக எடுத்துப் போங்கள், ஆனால் கம்பெனிப் பொருள் வெளியே போக அவுட் பாஸ் வேண்டும் என்றார். உதவி செய்கிற நினைப்பில் அவரே எழுதினார்: பழைய கல், ஒன்று, ஸ்கிராப். தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, கல்லைத் துப்பட்டாவில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி பாஸ் கேட்டார்.

"எங்க ஊட்டுப் பொண்ணு. எங்க நெலத்துலேந்து எங்க ஊட்டுக்குப் போறா. அவளுக்கு இன்னாத்துக்கு பாஸு?"

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். வழிவிட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சாயங்காலமே போன் வந்தது. போய்த் தொலையட்டும்.

அம்மா கல்லை மடியில் போட்டுக்கொண்டு சீயக்காய் வைத்துத் தேய்த்தாள். "கோவம் தீந்து வந்துட்டா பாரு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எவ்வளவு தேய்த்தும் முதுகில் இருந்த கறுப்பு போகவில்லை. இது என்ன கறை என்று கேட்டாள். லாரிச் சக்கரம் என்றேன்.

என் செருப்பைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை.