காற்று புகுந்த இடம்

செவன் ஹில்ஸ் பட்டறையில் என் ரேஸ் காரின் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தோம். ஞாயிறு பந்தயம். எஞ்சினுக்குள் இருக்கும் காற்றை வாக்யூம் பம்ப் உறிஞ்சி எடுத்த பிறகு கேஜின் முள் அசையாமல் நிற்கவேண்டும். எங்களுடையது திரும்பத் திரும்ப விழுந்தது. எங்கேயோ வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

அதைத் தேடியவர் பட்டறையில் பகுதிநேர மெக்கானிக்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். பேக்கரியில் விடியற்கால வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கண்கள் சிவந்து, தாடியில் மாவு ஒட்டியிருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினின் ஒவ்வொரு மூட்டிலும் மெல்ல நகர்த்திக் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே தூங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாயிருந்தது. மதியத்துக்கு மேல், பின்பக்க சீலின் ரப்பர் வளையத்தருகே குழாய் நின்றது.

“இஞ்சதான் இழுக்குது, தம்பி.”

அந்த வளையத்தை மாற்றினோம். முள் நின்றது. நான் துள்ளினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஞாயிறு ரேசுக்குக் கட்டாயம் வாங்கோ, அண்ணை.”

“குறை நினையாதேங்கோ. ஞாயிறு மட்டுந்தான் நான் நித்திரை கொள்ளுறனான்.”

பந்தயத்தில் இரண்டாவதாக வந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவருக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். பெயரைத் தேடி எடுத்தும், அழுத்த மனம் வரவில்லை. திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.